தாடை இறுக்கத்துக்கு எதை வாங்கலாம்?

கேள்வி: காலையில் எழுந்தால் தாடை இறுகிக் கிடக்கிறது. காதோரம் வலிக்கிறது, கழுத்தும் பிடித்துக்கொள்கிறது. தாடை மூட்டுக் கோளாறு, தூக்கத்தில் பல் கடிக்கிறீர்கள் என்று பல் டாக்டர் சொன்னார். வெந்நீரில் போட்டுக் கடித்துப் பொருத்தும் நைட் கார்டு (ராத்திரி பல்லில் மாட்டும் உறை), மசாஜ் கன் (தசையைத் தட்டி அதிரவைக்கும் கருவி), தாடைப் பயிற்சிக்கான சிலிக்கான் பந்து மூன்றையும் ஆன்லைனில் பார்த்து வைத்திருக்கிறேன். எது உதவும்?
– வாசகி, திருச்சி

பதில்: சிலிக்கான் பந்து வேண்டவே வேண்டாம். முகவெட்டு எடுப்பாகத் தெரிய வேண்டும் என்பவர்களைக் குறிவைத்து விற்பது அது. ராத்திரி முழுக்கக் கடித்துக் களைத்த தசைக்குப் பகலிலும் கடிக்க வேலை கொடுத்தால் வலிதான் கூடும். சூயிங்கம்முக்கும் இதே பதில்.

நைட் கார்டின் முதல் வேலை பல் தேயாமல் காப்பது. தசை தளரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. வெந்நீர் வகை மெத்தென்று இருப்பதால் சிலர் தூக்கத்தில் அதையே மெல்லத் தொடங்கி, இன்னும் இறுகிய தாடையோடு எழுந்திருப்பார்கள். முன்பற்களை மட்டும் மூடும் சின்ன வகையைத் தவிர்த்துவிடுங்கள். மாதக்கணக்கில் போட்டால் பல் வரிசை நகர்ந்து, மேலும் கீழும் பொருந்தாமல் போகக்கூடும். ஆடும் பல், பிரிட்ஜ் எனும் நிலையான கட்டுப்பல், பல் கிளிப் இருப்பவர்களுக்கு எந்த ரெடிமேட் கார்டும் சரிவராது.

டாக்டர் அளவெடுத்துச் செய்து தரும் கெட்டியான அக்ரிலிக் கார்டு விலை கூடுதல்தான். ஆனால் அந்தக் காசு பிளாஸ்டிக்குக்கு மட்டும் இல்லை. கலர் பேப்பரைக் கடிக்கச் சொல்லி, கார்டில் நிறம் பதியும் மேடான இடத்தைத் தேய்த்துச் சரிசெய்வதில்தான் அதன் பலனே இருக்கிறது. பிறகு இரண்டு மூன்று முறை வந்து சரிசெய்துகொள்வதும் இந்தக் கட்டணத்தில் அடங்குமா என்று முன்பே கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். கார்டைக் குளிர்ந்த நீரில் கழுவுங்கள். வெந்நீர் பட்டால் வளைந்துவிடும்.

மசாஜ் கன்னைத் தோள்பட்டைக்குப் பின்புறம் குறைந்த வேகத்தில் வைக்கலாம். தாடையில் வேண்டாம். கழுத்தின் முன்புறமும் பக்கவாட்டும் மூளைக்கு ரத்தம் போகும் குழாய்கள் இருக்கும் இடம், அங்கே கூடவே கூடாது. இதற்காகவே ஒன்று வாங்குவது வீண்.

முதலில் வாங்க வேண்டியது ஒரு ஹாட் வாட்டர் பேக். அதை ஈரத்துண்டில் சுற்றி, மணிக்கட்டில் சூடு பார்த்து, கன்னத்திலும் கழுத்திலும் 15 நிமிடம் வையுங்கள். பிறகு பல்லை லேசாகக் கடித்தால் கன்னத்தின் பின்பக்கம் புடைக்கும் தசை விரலுக்குத் தட்டுப்படும். கடிப்பதை விட்டுவிட்டு, வாயைத் தளரவிட்டு, இரண்டு விரலால் அழுத்திக் கன்ன எலும்பிலிருந்து காதுக்குக் கீழே தாடை வளையும் மூலை வரை மெதுவாக இறக்குங்கள். பக்கத்துக்கு ஒரு நிமிடம் போதும். காதுக்கு நேர் முன்னால் இருப்பது மூட்டு. அதை அழுத்தக் கூடாது. மறுநாள் வலி கூடியிருந்தால் அழுத்தம் அதிகம் என்று அர்த்தம்.

அடுத்து, நாக்கு நுனியை மேல் அண்ணத்தில், முன்பற்களுக்குச் சற்றுப் பின்னால் வையுங்கள். நாக்கு விலகாத அளவுக்கே வாயைத் திறந்து மூடுங்கள்: ஒரு தடவைக்கு 6 முறை, நாளுக்கு ஐந்தாறு தடவை. 'டக்' சத்தம் வருகிறதா என்று அகலத் திறந்து பார்ப்பதை விடுங்கள், அது மூட்டை இன்னும் உறுத்தும். கழுத்துக்கு, காதைத் தோள் பக்கம் சாய்த்து 20 விநாடி நிறுத்துங்கள், பக்கத்துக்கு 3 முறை. கையால் இழுக்க வேண்டாம்.

இத்தனைக்கும் மேலே ஒரு பழக்கம்: சாப்பிடும்போதும் விழுங்கும்போதும் தவிர மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடக் கூடாது. போன் பார்க்கும்போது பல் கடித்திருக்கிறதா என்று கவனியுங்கள், பலருக்கு அப்போதுதான் பிடிபடும். இரண்டு வாரம் முறுக்கு, கரும்பு, கெட்டியான கறி வேண்டாம். கொட்டாவி வந்தால் மோவாய்க்கு அடியில் முஷ்டியை முட்டுக் கொடுங்கள்.

வாய் பூட்டிக்கொண்டாலோ, காய்ச்சலோடு வீங்கினாலோ உடனே டாக்டரிடம் போங்கள். நடக்கும்போது, படியேறும்போது தாடை வலித்தால் இதயத்தைச் சோதிக்க வேண்டும். 50 வயதைத் தாண்டியவருக்குப் புதிதாக நெற்றிப்பொட்டு வலியும் மெல்லும்போது தாடை வலியும் சேர்ந்து வந்தால் கண்பார்வைக்கே ஆபத்து, அன்றே காட்ட வேண்டும். பாக்கு, குட்கா போடுபவருக்கு வாய் திறப்பு மாதத்துக்கு மாதம் குறுகினால் தாடை மூட்டு என்று நினைத்து ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள். அது கன்னத்தின் உள்சதை இறுகும் வேறு நோயாக இருக்கலாம், புற்றுநோய்க்கும் வழிவிடும். பாக்கை நிறுத்திவிட்டு, அரசு பல் மருத்துவமனையில் காட்டச் சொல்லுங்கள்.