மாற்றுத்திறனாளி கொடுப்பனவுக்கு விண்ணப்பித்து ஒருமுறை மறுத்துவிட்டார்கள். கொழும்பில் இருக்கும் என் அண்ணாவுக்கு மறுபடி எப்படி விண்ணப்பித்தால் கிடைக்கும்?

அச்சகத்தில் நடந்த விபத்துக்குப் பிறகு அண்ணாவின் கை வேலை செய்வதில்லை, விண்ணப்பித்தும் மறுத்துவிட்டார்கள், இனிப் பிரயோசனம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. என் அப்பாவுக்கு 2020இல் மறுத்தார்கள். 2022இல் பணம் வரத் தொடங்கியது. அந்த இரண்டு வருடத்தில் அப்பாவின் உடம்பில் எதுவும் மாறவில்லை. நாங்கள் எடுத்துச் சொன்ன விதம்தான் மாறியது.

அப்பா புறக்கோட்டையில் நாட்டாமி வேலை பார்த்தவர். குறுக்குத் தெருக்களில் லொறியிலிருந்து கடைக்குள் அரிசி மூட்டை இறக்கிய ஆள். 54 வயதில் பாரிசவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. முதல் விண்ணப்பத்துக்காக வீடு பார்க்க உத்தியோகத்தர் வருகிறார் என்றதும் அப்பா செய்த முதல் வேலை, தம்பியைக் கூப்பிட்டு முகம் மழிக்கச் சொன்னது. அம்மா சட்டை போட்டுவிட்டார். வந்தவரைக் கண்டதும் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். நடக்க முடியுமா என்று அவர் சிங்களத்தில் கேட்க, "புளுவன் மாத்தயா, புளுவன்" என்றார். முடியும் ஐயா, முடியும். சாப்பிடுவது, குளிப்பது, எல்லாவற்றுக்கும் அதே பதில். நாங்கள் மூன்று பேரும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தோம். அப்பாவின் முகத்துக்கு முன்னால் "இல்லை, முடியாது" என்று சொல்ல எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. அவர் எழுதிக்கொண்டு போனது அப்பா சொன்னதைத்தான்.

உங்கள் அண்ணா வீட்டிலும் இதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். உழைத்துச் சாப்பிட்ட மனுசர் யாரும் வெளியாள் முன்னால் "என்னால் முடியாது" என்று சொல்ல மாட்டார். ஆகவே அவரோடு முன்கூட்டியே உட்கார்ந்து பேசுங்கள். கூட்டிச் சொல்ல வேண்டாம், பொய் சொல்ல வேண்டாம். நல்ல நாளை மட்டும் சொல்லாமல், நேற்று நடந்ததை நடந்தபடியே சொன்னால் போதும்.

அடுத்தது மருத்துவச் சான்றிதழ். அரச மருத்துவர் ஒருவர் படிவத்தை நிரப்பிக் கையெழுத்திட வேண்டும். முதல் தடவை எங்களுக்கு எழுதப்பட்டது ஒரே வரி: ஸ்ட்ரோக், சிகிச்சை பெற்று வருகிறார். கிளினிக்கில் நூறு பேர் காத்திருக்கும்போது யாரும் அதற்கு மேல் எழுத மாட்டார்கள். ஆனால் நோயின் பெயரை வைத்து இந்தக் கொடுப்பனவைத் தீர்மானிக்க முடியாது. ஸ்ட்ரோக் வந்து எழும்பி வேலைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த நோயால் இந்த மனுசருக்கு என்ன செய்ய முடியாமல் போயிருக்கிறது என்பது தாளில் இருக்க வேண்டும்.

இரண்டாம் தடவை ஒரு சிஆர் கொப்பி வாங்கி இரண்டு கிழமை எழுதினேன். சட்டைப் பொத்தான் ஐந்து போட 12 நிமிடம், கடைசி இரண்டை அம்மாதான் போட்டார். தண்ணீர்ப் போத்தல் மூடி திறக்க முடியவில்லை. குளியலறைக்குப் பத்து அடி, அதற்குள் ஒருமுறை உட்கார்ந்தார். வாளி தூக்க முடியாது. செவ்வாய்க்கிழமை இரவு விழுந்து நெற்றியில் காயம். கிளினிக்கில் அந்தப் பக்கங்களை டொக்டரிடம் கொடுத்தேன். அவர் வாசித்தார், அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார், பிறகு ஆறு வரி எழுதினார். மருத்துவமனை டயக்னோசிஸ் கார்ட், கிளினிக் புத்தகம், பிசியோவுக்குப் போன திகதிகள் எல்லாவற்றுக்கும் போட்டோ கொப்பி எடுத்து அதோடு இணைத்தோம்.

கொழும்பில் நம் ஆட்களுக்கு இன்னொரு சிக்கல் விலாசம். நாங்கள் வாடகை அறையில் இருந்தோம், வாக்காளர் இடாப்பில் பெயர் அட்டன் பக்கம் தோட்டத்தில் இருந்தது. கிராம உத்தியோகத்தர் வதிவிடத்தை உறுதிப்படுத்தாமல் விண்ணப்பம் நகராது. வீட்டுக்காரர் கடிதம் தரப் பயந்தார். கடைசியில் கைகொடுத்தது அப்பாவின் கிளினிக் புத்தகமும் தம்பியின் பாடசாலைக் கடிதமும்தான், இரண்டிலும் அதே விலாசம் இருந்தது. அண்ணாவின் பெயர் எங்கே பதிவாகி இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஊரில் இருந்தால் இங்கே மாற்றும் வேலையைத் தள்ளிப்போட வேண்டாம். மாநகர எல்லைக்குள் கொழும்பு, திம்பிரிகஸ்யாய என்று இரண்டு பிரதேச செயலகங்கள் உண்டு. எது உங்களுடையது என்பதை விலாசம்தான் தீர்மானிக்கும். அங்கே பார்க்க வேண்டியவர் சமூக சேவை உத்தியோகத்தர்.

படிவத்தைத் தமிழில் கேளுங்கள். 1987இல் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி ஆகிவிட்டது. கேட்பதில் கூச்சமே வேண்டாம். யாராவது சிங்களத்தில் குறிப்பு எழுதினால், கையெழுத்துப் போடும் முன் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். முதல் தடவை நாங்கள் அதைச் செய்யவில்லை.

இரண்டாம் முறை வந்தவர் ஒரு பெண் உத்தியோகத்தர். அன்றைக்கும் அப்பா முகம் மழித்துத்தான் இருந்தார், அதை நாங்கள் தடுக்கவில்லை. கேள்விகளுக்கு மெதுவாக, உள்ளபடி பதில் சொன்னார். முடிவில் கையெழுத்துக் கேட்டார் மிஸ். அப்பா மூன்றாம் வகுப்போடு நின்றவர், ஆனால் கைநாட்டு வைக்க மாட்டார், சம்பளத் துண்டில் தன் பெயரைத் தானே எழுதுவார். பேனையை வலது கையில் வாங்கினார். விரல் மூடவில்லை, பேனை மடியில் விழுந்தது. மறுபடி எடுத்தார், மறுபடி விழுந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இடது கைப் பெருவிரலை நீட்டினார். "மையைத் தாங்க மிஸ்" என்றார். அம்மா குசினிக்குள் போய்விட்டார்.

அனுமதி வந்த பிறகும் காத்திருக்க வேண்டி வந்தது. அப்போது ஒவ்வொரு பிரதேசத்துக்கும் ஒதுக்கப்பட்ட எண்ணிக்கைக்குத்தான் பணம் கிடைத்தது, மிச்சப் பேர் காத்திருப்போர் பட்டியலில் இருந்தார்கள். தகுதி உண்டு என்று ஒப்புக்கொண்ட ஒருவரைக் காக்க வைப்பது அநியாயம், இதை நான் எங்கேயும் சொல்வேன். அந்தக் காலத்தில் மாதம் ஒருமுறை போய்ப் பட்டியலில் எத்தனையாவது என்று கேட்டு, திகதி போட்டு எழுதி வைத்தேன். கொடுத்த ஒவ்வொரு தாளின் பிரதியிலும் அலுவலக முத்திரை வாங்கினேன். பதில் கிடைக்காவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம், தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அண்ணாவை மறுத்த காரணத்தையும் இதே வழியில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். காரணம் தெரியாமல் மறுபடி விண்ணப்பித்தால் அதே தாளைத்தான் மறுபடி கொடுப்பீர்கள்.

அப்பாவுக்கு வரத் தொடங்கியபோது மாதம் 5,000 ரூபாய். 2024இல் 7,500, அதற்கடுத்த வருட வரவுசெலவுத் திட்டத்தில் 10,000 ஆனது. கிளினிக்குக்குப் போய்வர த்ரீவீலருக்கும் மருந்துக்கும் அதில்தான் எடுக்கிறோம்.

அண்ணா அச்சகத்தில் வேலை செய்தவர் என்பதால் இன்னொன்று. ஈபிஎப் (ஊழியர் சேமலாப நிதி) கட்டியிருந்தால், இனி நிரந்தரமாக வேலை செய்ய முடியாது என்று மருத்துவர் சான்றளித்தால், 55 வயது வரை காத்திருக்காமல் அந்தப் பணத்தை எடுக்கலாம். ஈடிஎப்பிலும் (ஊழியர் நம்பிக்கை நிதி) கேளுங்கள். வேலை நேரத்தில் நடந்த விபத்து என்றால் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தின் கீழ் முதலாளியிடம் கேட்க வேண்டியதும் தனியாக இருக்கிறது, அது இந்தக் கொடுப்பனவோடு சேர்ந்தது இல்லை. என் அப்பா நாட்கூலி, அவருக்கு இதில் எதுவும் இருக்கவில்லை. உங்கள் அண்ணாவுக்கு இருக்கிறதை விட்டுவிடாதீர்கள்.

கொப்பியை இன்றைக்கு இரவே தொடங்குங்கள். காலையில் அண்ணா எந்தக் கையால் பல் துலக்கினார், யார் தேத்தண்ணீர்க் கோப்பையைப் பிடித்துக் கொடுத்தது, அதிலிருந்து எழுதுங்கள்.