பழைய டவருக்குப் பதிலா மினி பிசி: நெல்லைப் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோட நிறுத்தினதுக்கப்புறம், மேசைக்குக் கீழ கிடக்கிற கம்ப்யூட்டர் டவரை என்ன செய்ய, அதுக்குப் பதிலா மினி பிசிங்கிற கையடக்கப் பெட்டிக் கம்ப்யூட்டரை வாங்கலாமான்னு நம்ம பக்கத்துலேர்ந்து நிறைய பேர் கேட்டிருந்தீங்க. வந்த வரிசையிலேயே பதில் சொல்லுதேன்.

டவுண், பலசரக்குக் கடை: அண்ணாச்சி, கடையில நாலாம் தலைமுறை ஐ3 டவர் ஓடுது. டேலியும் பில்லும் மட்டும்தான். விண்டோஸ் 11 ஏறாதுன்னு சொல்லிட்டாங்க. புது மினி வாங்கவா, செகண்ட் ஹேண்ட் போதுமா?

உங்க வேலைக்கு ரெண்டுமே தாங்கும். நான் செகண்ட் ஹேண்டைத்தான் சொல்லுவேன். பெரிய கம்பெனிகள் சில வருஷம் ஓட்டிட்டுக் கழிச்சுவிடுத ஒரு லிட்டர் அளவுப் பெட்டிகள் இருக்கு: டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, எச்பி எலைட்டெஸ்க் மினி, லெனோவோ திங்க்சென்டர் டைனி. இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் கீழ உள்ளதைத் தொடாதீங்க. விண்டோஸ் 11 முறையா ஏற எட்டாம் தலைமுறையோ அதுக்கு மேலயோ வேணும், டிபிஎம் 2.0-ங்கிற பாதுகாப்பு வசதியும் வேணும். ஐ5-8500டி பிராசஸர் போட்டது கிடைச்சா விடாதீங்க. ஆறு கோர், 35 வாட். மூடியைக் கழற்றினா ரேமுக்கு ரெண்டு ஸ்லாட், எஸ்எஸ்டி செருக எம்.2-ங்கிற ஸ்லாட் ஒண்ணு, கூடவே 2.5 இஞ்ச் டிஸ்குக்கு இடமும் இருக்கும். இப்போ 8 ஜிபி போட்டு வாங்கிட்டு, பிறகு பத்தலைன்னா உள்ளூர்க் கடையிலேயே இன்னொரு 8 ஜிபி சேத்துக்கிடலாம். இதுதான் எனக்கு முக்கியம். ரேமைப் போர்டோட சேர்த்து ஒட்டின மெஷின்ல அந்த ரேம் கெட்டா மெஷினே போச்சு. திறந்து மாத்த முடியுற பெட்டியா பாத்து எடுங்க.

வாங்குத இடத்திலேயே பயாஸுக்குள்ள, அதாவது விண்டோஸ் வாறதுக்கு முன்ன வர்ற செட்டிங்ஸ் பக்கத்துக்குள்ள, போகச் சொல்லுங்க. பாஸ்வேர்டு கேட்டா வேண்டாம்னுட்டு வந்திருங்க. அடாப்டர் அந்தக் கம்பெனியோட ஒரிஜினலான்னும் பாக்கணும். டெல் மெஷினுக்குத் தன் அடாப்டரை அடையாளம் தெரியலைன்னா வேகத்தைக் குறைச்சுக்கிடும். டேலி லைசென்ஸைப் பழைய டவர்ல சரண்டர் பண்ணிட்டுத்தான் புதுசுல ஆக்டிவேட் பண்ணணும். டவர் உயிரோட இருக்கும்போதே அதை முடிச்சிருங்க.

அம்பாசமுத்திரம், அரிசி ஆலை: எடை மேடையில இருந்து சீரியல் வயர் வருது. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கு அந்தப் பழைய அகலமான 25 பின் வயர். மினியில மாட்ட இடமே இல்லையே?

பெட்டியை வாங்கிட்டு வந்த பிறகுதான் நிறைய பேர் இதைக் கவனிக்காங்க. வாங்கும் முன்ன பழைய டவரைத் திருப்பி, பின்னால செருகியிருக்கிற ஒவ்வொரு வயரையும் போன்ல படம் எடுத்துக்கிடுங்க. உங்களுக்கு சீரியல் போர்ட்டோட வந்த டைனி அல்லது மைக்ரோ தேடி எடுக்கிறதுதான் நல்லது. அந்த போர்ட் எல்லாப் பெட்டியிலும் வராது, கம்பெனியில ஆர்டர் கொடுக்கும்போதே சேர்க்கிற விஷயம். கிடைக்கலைன்னா யுஎஸ்பி-சீரியல் கேபிள். பிரிண்டருக்கு யுஎஸ்பி-பேரலல் கேபிள் போதும். ஆனா உங்க எடை புரோகிராம் டாஸ் காலத்துதுன்னா அது எல்பிடி1-ங்கிற பழைய பிரிண்டர் போர்ட்டைத்தான் தேடும். அப்போ விண்டோஸ்ல பிரிண்டரை ஷேர் பண்ணி, அந்தப் பேருக்குத் திருப்பிவிடணும். மெஷின் போட வாறவர்கிட்ட இதை முதல்லயே சொல்லி வையுங்க, பில் அடிச்சுக் காட்டச் சொல்லிட்டுப் பணம் கொடுங்க. விஜிஏ மானிட்டர்னா அதுக்கும் ஒரு கன்வெர்ட்டர் வேணும்.

பணகுடி, இ-சேவை மையம்: ஆனி, ஆடியில காத்தும் மண்ணும் உங்களுக்கே தெரியும். சின்ன பேன் அடைச்சுக்கிடாதா?

அடைக்கும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காத்து அடிக்கிற ஊர்ல எந்தப் பேனும் தப்பாது. ஆனா மினியைத் தரையில வைக்க வேண்டியதில்ல. மானிட்டர் பின்னால 75 அல்லது 100 மில்லிமீட்டர் இடைவெளியில நாலு ஓட்டை இருக்கும், பிராக்கெட் வாங்கி அதுலயே மாட்டிருங்க. தூசு பாதி குறையும். காத்து சீசன் முடிஞ்சதும் மூடியைத் திறந்து புளோயர் போடுங்க. பேன் சுத்தாம விரலால பிடிச்சுக்கிடணும்.

திருநெல்வேலி ஜங்ஷன், ஜெராக்ஸ் கடை: 2023 டிசம்பர் வெள்ளத்துல டவர் முங்கிப்போச்சு. இனி என்ன செய்யலாம்?

மேல சொன்ன பிராக்கெட்தான் உங்களுக்கும். இன்னொண்ணு, தண்ணி வாரதுக்கு முன்ன கழற்றிப் பையில போட்டுக்கிட்டு மாடிக்குப் போயிரலாம். டவர்ல அது முடியாது. கணக்கு, வாடிக்கையாளர் பைல் எல்லாத்துக்கும் ஒரு நகலை வேற வீட்டுல வையுங்க.

கல்லிடைக்குறிச்சி: ஐப்பசி இடியில மதர்போர்டு போச்சு, யுபிஎஸ் இருந்தும். எப்படி?

பெரும்பாலும் நெட் வயர் வழியா வந்திருக்கும். மழை இருட்டிக்கிட்டு வந்தா பிளக்கோட சேர்த்து லேன் வயரையும் பிடுங்குங்க. வைஃபைல ஓட்டினா இன்னும் நல்லது. எர்த் சரியா இருக்கான்னு எலக்ட்ரீஷியனை வரச்சொல்லிப் பாருங்க. அது இல்லாம விலை கூடின சர்ஜ் புரொடெக்டர் வாங்கியும் பிரயோஜனம் இல்ல. லோ வோல்டேஜுக்குப் பயப்பட வேண்டாம், மினியோட அடாப்டர்கள் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்குற மாதிரித்தான் வருது.

பெருமாள்புரம், ஓய்வுபெற்ற ஆசிரியை: பேரன்கிட்ட வீடியோவுல பேச, பென்ஷன் விஷயம் பார்க்க, பக்திப் பாட்டு கேட்க. ரொம்பச் செலவு பண்ண விருப்பமில்லை.

டீச்சர், உங்களுக்கு இன்டெல் என்100 போட்ட புது மினி போதும். நாலு கோர், 6 வாட் சிப், சத்தமே கேட்காது. ரேம் 8 ஜிபிக்குக் குறையாம எடுங்க. கேமராவும் மைக்கும் தனியா வாங்கணும், மினியில அது கிடையாது.

பாளையங்கோட்டை, கல்லூரி மாணவர்: கல்யாண வீடியோ எடிட் பண்றேன். பழைய கிராபிக்ஸ் கார்டை மினியில போட முடியுமா? மேக் மினி எப்படி?

கார்டு இந்தச் சின்னப் பெட்டிக்குள்ள போகாது தம்பி. எடிட்டிங்தான் தொழில்னா எம்4 மேக் மினி நல்ல மெஷின். 2024 நவம்பர்ல வந்தப்போ 59,900 ரூபாய், ரேம் 16 ஜிபி. அந்த ரேமைப் பிறகு கூட்ட முடியாது. அதனால வாங்குத அன்னைக்கே யோசிச்சு எடுக்கணும். நான் மேல சொன்னதுக்கு எதிரா இருக்கேன்னு தோணும். கடைக் கணக்குக்கு இதைச் சொல்ல மாட்டேன், உங்க வேலைக்கு இதோட வேகம் தேவைப்படுது. கிராபிக்ஸ் கார்டுதான் வேணும்னா டவரையே புதுப்பிங்க, அதுல தப்பில்ல.

வள்ளியூர்: கரண்ட் பில் குறையுமா?

டவர் 80 வாட்னு வையுங்க. தினம் 10 மணி நேரம், மாசம் 25 நாள், 20 யூனிட். மினி 15 வாட்னா 4 யூனிட்டுக்கும் உள்ள. இதுக்காக மட்டும் வாங்காதீங்க. இன்வெர்ட்டர்ல கூடுதல் நேரம் ஓடும், அதுதான் நிஜ லாபம்.

வீரவநல்லூர்: நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறி சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கினா சல்லிசா கிடைக்கும்ங்காங்க?

கிடைக்கும். கெட்டுப்போனா திரும்பவும் ரயில் ஏறணும். ஒரு மெஷின்னா பில்லும் வாரண்டியும் தாற உள்ளூர்க் கடையே மேல். பள்ளிக்கூடத்துக்குப் பத்து மெஷின் எடுக்கிறீங்கன்னா போயிட்டு வாங்க, ஒவ்வொண்ணையும் ஆன் பண்ணிப் பாத்து எடுங்க.

மேலப்பாளையம்: பழைய டவரைக் காயலான் கடையில போடலாமா?

போடலாம், ஹார்ட் டிஸ்கைக் கழற்றிட்டு. 3.5 இஞ்ச் டிஸ்குக்குத் தனி பவர் அடாப்டரோட வர்ற யுஎஸ்பி கேஸ் வாங்கினா, அதுவே பேக்கப் டிஸ்க் ஆயிரும்.