மைனஸ் 40 இல்ல தம்பி, காத்துதான்

தம்பி, ஐப்பசியில குடும்பத்தோட நோர்வேயின்ர வடக்கில இருக்கிற ஹமர்ஃபெஸ்டுக்கு வாறன், மைனஸ் 40 எண்டு சொல்லுகினம், ரெண்டு மாசம் சூரியனே இல்லையாம், மூண்டு வயசுப் பிள்ளையோட தாங்கலாமோ எண்டு கேட்டிருந்தீர். நான் 1999 இல இங்க மீன் ஃபக்டரி வேலைக்கு வந்தனான், அப்ப எனக்கும் ஆரோ இதே மைனஸ் 40 கதையைத்தான் சொல்லிப் பயப்படுத்தினவை.

அந்தக் குளிர் உள்நாட்டில, காராஷோக் பக்கம். அங்க 1886 இல மைனஸ் 51.4 வரைக்கும் போயிருக்கு. எங்கட ஊர் அதைவிட வடக்க கிடந்தாலும் தெற்கில இருந்து வாற சூடான நீரோட்டத்தால கடல் உறையுறேல்ல, மாரியில அனேகமா மைனஸ் 5 அளவுதான், சில நாள் இன்னும் இறங்கும். காத்துதான் ஆளைக் கொல்லுறது. நான் வந்த முதல் வருசம் குப்பை வாளியைக் கட்டி வைக்காமல் விட்டு, அடுத்த நாள் மூண்டு வீடு தள்ளி இருந்த கிழவர் அதை உருட்டிக்கொண்டு வந்து தந்திட்டு ஒண்டும் பேசாமல் ஒரு கயிறையும் தந்திட்டுப் போனார். மழை பெய்து உடனே உறைஞ்சால் ரோட்டில நிக்கேலாது, அதுக்கு ப்ரொடர் எண்டு சப்பாத்துக்கு அடியில கொழுவிற ஆணிப் பட்டி விக்கினம், வந்த அண்டைக்கே வாங்கும். அல்டா எண்ட ரவுனுக்குப் போற வழியில சென்னாலாண்டெ எண்டு ஒரு மலைவெளி இருக்கு (பேரில மட்டும்தான் சென்னை), புயலெண்டால் ரோட்டைப் பூட்டிப்போடுவினம், இல்லாட்டி பனி தள்ளுற வாகனத்துக்குப் பின்னால வரிசையா விடுவினம், அதால காரில எப்பவும் போர்வையும் சுடுதண்ணிப் போத்தலும் கிடக்கட்டும்.

இருட்டு நவம்பர் 21 அளவில தொடங்கி ஜனவரி 21 வரைக்கும். கும்மிருட்டு இல்ல, மத்தியானம் ரெண்டு மூண்டு மணித்தியாலம் நீலமா ஒரு வெளிச்சம் வரும், பனியும் இருந்தால் நல்லா நடந்து திரியலாம். இந்த ஊரில 1891 இலயே தெருவுக்குக் கரண்ட் விளக்குப் போட்டிட்டினமாம், ஏனெண்டு வந்து பாத்தால் விளங்கும். காலமை ஒரு கரண்டி மீனெண்ணெய் குடியும், பிள்ளைக்கும் குடும், ஜக்கெட்டில ரெஃப்ளெக்ஸ் (கார் லைட் பட்டால் மினுங்கிறது) கொழுவாமல் வெளிய விடாதேயும். பிள்ளையைப் பற்றி யோசிக்கிறதை விடும், பாலர் பள்ளியில மழையோ பனியோ தினமும் வெளியிலதான் விளையாட விடுவினம், முதல் கிழமை என்ர மனிசி அழுதவ, பிள்ளை அழேல்ல. சூரியன் திரும்பி வாற நாளுக்கு பணிஸ் சாப்பிட்டுக் கொண்டாடுவினம்.

எனக்கெண்டால் கோடைதான் கஷ்டம். மே நடுவில இருந்து ஜூலை கடைசி மட்டும் சூரியன் மறையாது, தடிச்ச திரைச்சீலை இல்லாட்டி நித்திரை இல்ல.

குப்பை விசயத்தில கவனமா இரும். வெறும் போத்தல், கேன் எறியிறேல்ல, கடையில இருக்கிற மெசினில போட்டால் கொஞ்சக் காசு திரும்பி வரும். பால் பெட்டியையும் கழுவி மடிச்சுத்தான் போடுவினம், அந்தக் காலத்தில ஆறு பெட்டியை ஒண்டுக்குள்ள திணிச்சு பேர் எழுதிப்போட்டால் லொத்தர் சீட்டு மாதிரி, நான் ஒருநாளும் வெல்லேல்ல.

பேந்து கலைமான் (ரெயின்டியர்). கோடையில இந்த வடக்கின்ர பழங்குடிகளான சாமி எண்ட சனம் உள்நாட்டில இருந்து எங்கட ஊர் இருக்கிற தீவுக்கு மேய விடுற மான்கள், ரவுனுக்குள்ள வராமல் சுத்திவர வேலி இருக்கு, கதவைத் திறந்தால் சாத்த வேணும், சாத்தாமல் போறவையும் இருக்கினம். வருசம் முழுக்க ஜன்னலுக்குள்ள லைட் போட்டு வளத்த கறிவேப்பிலையை ஒரு ஜூலை வெயில் காட்டுவமெண்டு வாசலில வைச்சன், பின்னேரம் வந்து பாத்தால் தண்டு மட்டும் நிக்குது, அவர் பக்கத்திலயே நிண்டு மெல்லுறார். அடிக்கேலாது, ஒவ்வொண்டின்ர காதிலயும் சொந்தக்காரரின்ர வெட்டுக்குறி இருக்கு, நல்லதா நாலு தமிழ் வார்த்தை சொன்னன், அவ்வளவுதான்.

கொழும்பில குளிர் ஜக்கெட் எண்டு விக்கிறதுக்குக் காசைக் கொட்டாதேயும், தோலோட முட்டுறது கம்பளியா இருக்க வேணும், பருத்தி நனைஞ்சால் விறைக்கும், அதெல்லாம் இங்க வாங்கலாம். பெட்டியில மிச்ச இடத்துக்கு வறுத்த மிளகாய்த்தூள் போடும். மாசியில கொட் மீன் சீசன், தலையை இங்கத்தையாக்கள் காயவைச்சு நைஜீரியாவுக்கு அனுப்புகினம், ஃபக்டரியில கேட்டால் எங்களுக்குச் சும்மாவே தருவினம்.