கேம் பாய் விளையாட்டு, அதற்கு என் சொந்த இசை: பப்ளிஷரிடம் எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது?

கேள்வி: நான் தனியாக இசையமைப்பவன். வேலை நேரம் போக, நின்டெண்டோவின் பழைய கையடக்க விளையாட்டுக் கருவியான கேம் பாயில் ஓடும் விளையாட்டு ஒன்றை நானே எழுதி, வரைந்து, இசையமைத்து முடிக்கும் கட்டத்தில் இருக்கிறேன். விளம்பரம் கூடாது, விளையாட்டுக்குள் காசு கேட்கக் கூடாது, நிஜக் கருவியில் ஓட வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருக்கிறேன். வெளிநாட்டு நிறுவனம் ஒன்று இதைக் கருவியில் செருகும் கார்ட்ரிட்ஜாக வெளியிடக் கேட்கிறது. ஆனால் விளையாட்டு, இசை இரண்டின் மொத்த உரிமையும் வேண்டுமாம். நண்பர்கள் மொபைலில் விளம்பரத்தோடு போடு என்கிறார்கள். என்ன செய்யலாம்? வேலையை விட்டுவிடலாமா?

பதில்: மொத்த உரிமையைக் கொடுக்காதீர்கள். விலை, பங்கு, தேதி எல்லாவற்றிலும் விட்டுக்கொடுத்துப் பேசலாம். இதில் வேண்டாம்.

கார்ட்ரிட்ஜ் போடுகிறவருக்குத் தேவை, முழு விளையாட்டும் அடங்கிய உங்கள் ரோம் கோப்பைக் கார்ட்ரிட்ஜில் ஏற்றி, பெட்டியும் கையேடும் சேர்த்து விற்கும் அனுமதி மட்டும்தான். அதற்கு லைசென்ஸ் போதும். எத்தனை பிரதி, எத்தனை ஆண்டு, எந்தெந்த நாடு என்று மூன்றையும் எழுதிவிடுங்கள். டிஜிட்டல் விற்பனை, மற்ற கருவிகளுக்கான பதிப்பு, அடுத்த பாகம், இசை ஆல்பம் ஆகியவை உங்களிடமே இருப்பதாகத் தனி வரி வேண்டும். பிரதிகள் தீர்ந்து குறிப்பிட்ட காலத்துக்குள் மறுபடி அச்சிடாவிட்டால் அனுமதி தானாக முடியும் என்றும் ஒரு வரி சேருங்கள். இந்த ஒரு வரி இல்லாததால் நல்ல விளையாட்டுகள் யாருக்கும் கிடைக்காமல் முடங்கிப் போகின்றன.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு உங்களுக்குத் துணை. உரிமையை எழுதிக்கொடுக்கும்போது கால அளவு சொல்லாவிட்டால் 5 ஆண்டு என்றும், எல்லை சொல்லாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் அது கொள்கிறது. படைப்பாளி என்று உங்கள் பெயரைக் கோரவும், உங்கள் மதிப்பைக் கெடுக்கும்படி படைப்பைச் சிதைத்தால் எதிர்க்கவும் 57-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் ‘இன்ன நாட்டுச் சட்டப்படி’ என்று ஒரு வரி இருக்கும். அது வெளிநாடாக இருந்தால் இந்தப் பாதுகாப்பை நம்பி உட்கார முடியாது. எல்லாவற்றையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும். இசைப் படைப்பாளிகளுக்காக ராயல்டி வசூலிக்கும் ஐபிஆர்எஸ் சங்கத்தில் நீங்கள் உறுப்பினர் என்றால் இசையின் பொது நிகழ்த்தல் உரிமையை ஏற்கெனவே அந்தச் சங்கத்துக்குக் கொடுத்திருப்பீர்கள். அதையும் பப்ளிஷரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

இசையமைப்பாளரே விளையாட்டையும் செய்யும்போது மட்டும் வரும் சிக்கல் ஒன்று உண்டு. ஆல்பத்தை ஸ்ட்ரீமிங் தளங்களுக்கு அனுப்பும் விநியோகச் சேவைகளில் ‘யூடியூப் கன்டென்ட் ஐடி’ என்று, வீடியோக்களில் உங்கள் இசையைத் தானாகக் கண்டுபிடிக்கும் ஒரு தேர்வு இருக்கும். அதை டிக் செய்தால், உங்கள் விளையாட்டை ஆடி வீடியோ போடும் ஒவ்வொருவருக்கும் பதிப்புரிமை நோட்டீஸ் போகும். சிறிய விளையாட்டுக்கு அவர்கள்தான் விளம்பரம். டிக் செய்யாதீர்கள். ஸ்பாட்டிஃபை 2024 முதல், முந்தைய 12 மாதத்தில் 1000 முறைகூடக் கேட்கப்படாத பாட்டுக்கு ராயல்டி தருவதில்லை. ஆல்பத்தை பேண்ட்கேம்ப் என்ற இசை விற்பனைத் தளத்தில் நேரடியாக விற்பதே மேல். டிஜிட்டலுக்கு அங்கே 15 சதவீதம் பிடிப்பார்கள்.

சரி, இப்போது இசைக்கு வருகிறேன். உங்கள் கொள்கைக்கு உண்மையான சோதனை இங்கேதான். 1989-இல் வந்த கேம் பாயில் ஒலிக்கு 4 சேனல், அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கும் தனித் தடங்கள்: மெட்டுக்கு ஏற்ற இரண்டு பல்ஸ், அலைவடிவத்தை நாமே அமைக்கும் ஒரு வேவ், இரைச்சல் தரும் ஒரு நாய்ஸ். தாவும் சத்தம், அடிபடும் சத்தம் எல்லாம் இதே நான்கிலிருந்துதான் இடம் பிடிக்க வேண்டும். சுருதி வழுக்கி ஏறும் ‘ஸ்வீப்’ வசதி முதல் பல்ஸ் சேனலில் மட்டுமே உண்டு என்பதால், தாவும் சத்தம் பெரும்பாலும் அங்கே போய்விடும். மெட்டை அந்தச் சேனலில் வைத்தால் ஆட்டக்காரர் தாவும்போதெல்லாம் மெட்டு அறுபடும். ஆகவே மெட்டை இரண்டாவது பல்ஸுக்கு மாற்றி, முதலாவதில் அதன் எதிரொலியையோ துணைச் சுரத்தையோ வையுங்கள். நடுவில் விட்டுப் போனாலும் காது மன்னிக்கும். அப்புறம், கருவியின் சின்ன ஸ்பீக்கரில் கேட்டுப் பாருங்கள். கணினியில் கேம் பாயைப் போலவே இயங்கும் எமுலேட்டரில் ஹெட்போன் வைத்துக் கேட்ட கனமான பேஸ் அதில் காணாமல் போகும். ஒரு ஸ்தாயி ஏற்றினால் திரும்ப வரும்.

இசையைக் கட்டம் கட்டமாக எழுதும் மென்பொருளான டிராக்கரைத் தேர்ந்தெடுப்பதும் முக்கியம். எல்எஸ்டிஜே என்ற டிராக்கர் மேடையில் வாசிக்க அருமையானது, ஆனால் அதில் செய்ததை விளையாட்டுக்குள் கொண்டுவருவது சுற்றுவழி. ஹியூஜ்டிராக்கர் விளையாட்டுக்குள் இசைப்பதற்கான நிரலோடு வருகிறது. கேம் பாய் விளையாட்டுகளைச் செய்யும் இலவச மென்பொருளான ஜிபி ஸ்டுடியோவும் அதைத்தான் பயன்படுத்துகிறது. இரண்டிலும் செய்ததைக் காசுக்கு விற்கத் தடையில்லை.

மொபைல் யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. விரலுக்குத் தட்டுப்படும் பட்டனை நம்பி வடிவமைத்த தாவலைக் கண்ணாடித் திரைமேல் ஆட வைத்தால் விளையாட்டே கெட்டுப்போகும். விளம்பரத் தொல்லை அதற்கு அப்புறம்தான். அதற்குப் பதில் முதல் சில கட்டங்களைப் பிரவுசரில் ஓடும் இலவச டெமோவாக, தனி ஆட்கள் தங்கள் விளையாட்டை விற்கும் இட்ச்.ஐஓ தளத்தில் போடுங்கள். ‘அண்டர்டேல்’ என்ற விளையாட்டைச் செய்து அதற்கு இசையும் அமைத்த டோபி ஃபாக்ஸ் 2013-இல் டெமோவை வெளியிட்ட பிறகுதான் மக்களிடம் 5,000 டாலர் கேட்டார். 51,000 டாலருக்கு மேல் வந்தது. எல்லோருக்கும் அப்படி வராது. ஆனால் காசு கேட்கும்போது ஆடிப் பார்க்க ஒரு டெமோ மக்கள் கையில் இருந்தது. முழு விளையாட்டையும் அங்கேயே விற்கலாம். தளத்தின் பங்கை நீங்களே தீர்மானிக்கலாம், வழக்கமாக 10 சதவீதம். கணினி விளையாட்டுகளை விற்கும் பெரிய தளமான ஸ்டீமில் 100 டாலர் கட்டணமும் 30 சதவீதமும் போகும், ஆனால் கூட்டம் அங்கேதான். இரண்டிலும் இருங்கள்.

வேலையை விடாதீர்கள். ‘கேவ் ஸ்டோரி’ என்ற கணினி விளையாட்டை டைசுகே அமயா ஓய்வு நேரத்தில் ஏறக்குறைய 5 ஆண்டு உழைத்துச் செய்தார். கதை, படம், நிரல், இசை எல்லாம் அவரே. இசைக்கான கருவியைக்கூட அவரே எழுதினார். 2004-இல் இலவசமாகவே வெளியிட்டார். மாதச் சம்பளம் வேறு இடத்திலிருந்து வந்ததால்தான் யாருக்கும் வளையாமல் அதைச் செய்ய முடிந்தது என்பது என் எண்ணம். உங்கள் பிடிவாதங்களுக்கும் இப்போது காவல் அந்தச் சம்பளம்தான். ஒன்றிரண்டு விளையாட்டு வெளியாகி, வருமானம் ஓராண்டுச் செலவைத் தாங்கும் என்று கணக்கில் தெரிந்த பிறகு இதை மறுபடி யோசிக்கலாம்.

அந்த நிறுவனத்துக்கு இந்த வாரமே பதில் எழுதுங்கள். கார்ட்ரிட்ஜுக்கு மட்டும் 2 ஆண்டு லைசென்ஸ், இசை உரிமை உங்களிடம், பிரதிக்கு இவ்வளவு ராயல்டி, விற்பனைக் கணக்கு 3 மாதத்துக்கு ஒரு முறை. கூடவே, பெட்டியில் நின்டெண்டோ பெயரும் சின்னமும் இருக்கக் கூடாது என்று கேளுங்கள். அது வேறொருவரின் வணிகச் சின்னம், சிக்கல் வந்தால் உங்கள் பெயரும் இழுபடும். அவர்கள் ஒத்துக்கொண்டால், கையெழுத்துப் போடுமுன் பதிப்புரிமை தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு முறை காட்டுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் டெமோவை வெளியிட்டுவிட்டு அடுத்த நிறுவனத்தைக் கேளுங்கள்.