தம்பிக்கும் சேர்த்து அடகில் போன சங்கிலி

கேள்வி: நாங்கள் குத்தாலம் பக்கம். கணவர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறார், நான் வீட்டில் தையல். எல்லாம் போக மாதம் நாலாயிரம் மிஞ்சும். இரண்டு வருடமாக மே மாதம் பிள்ளைகளோடு புதுச்சேரி போகிறோம். திருப்பூரிலிருந்து என் தம்பி குடும்பமும் வந்து சேர்ந்துகொள்ளும். முதல் வருடம் என் மூன்று பவுன் சங்கிலியை வைத்து 40,000 வாங்கினோம். போன வருடம் வட்டி கட்டித் திருப்பி வைத்தபோது மேற்கொண்டு 35,000 வாங்கினோம். இப்போது 75,000 நிற்கிறது, வருட வட்டி 11 சதவீதம். இந்த மே மாதத்துக்கு 38,000 வேண்டும். இதற்கிடையில் கும்பகோணத்தில் ஒரு கடையில் எழுதிப் போட்ட கூப்பனுக்குப் பரிசு என்று கூப்பிட்டு, விடுமுறை கிளப்பில் சேரச் சொல்கிறார்கள். சேர்ந்தால் வருடா வருடம் அவர்கள் விடுதியில் தங்க அறை தருவார்களாம். மாதம் 6,500, மொத்தம் 48 மாதம். வருடா வருடம் நகை வைப்பதற்கு இது மேல் என்கிறார் கணவர். சேரலாமா? தம்பியிடம் செலவைப் பங்கு கேட்க மனம் வரவில்லை. நாளைக்கு என் பெண்ணுக்குத் தாய்மாமன் சீர் செய்ய வேண்டியவன்.

பதில்: கிளப்பை முதலில் முடித்துவிடுகிறேன். வேண்டாம். மாதம் மிஞ்சுவதே நாலாயிரம், தவணை 6,500, இதற்கு மேல் நான் என்ன சொல்ல? 48 மாதத்தில் 3,12,000 ஆகிறது. அதோடு விடாது, போனாலும் போகாவிட்டாலும் வருடா வருடம் பராமரிப்புக் கட்டணம் என்று ஒன்று வரும், அது எவ்வளவு, எவ்வளவு ஏறும் என்பதைப் பரிசு கொடுக்கும்போது யாரும் வாசித்துக் காட்டுவதில்லை. பள்ளி விடுமுறையில் எல்லோரும் அறை கேட்பார்கள், உங்களுக்குக் கிடைக்குமா என்பதும் அவர்கள் கையில். கொடுத்த பரிசை வைத்துக்கொள்ளுங்கள், கையெழுத்து மட்டும் போடாதீர்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். நீங்கள் புதுச்சேரி போவது தவறே இல்லை. உங்களைக் கரைப்பது திருப்பி வைக்கும்போது 'மேல் தொகை' வாங்கும் பழக்கம். தங்கம் விலை ஏற ஏற, அதே சங்கிலிக்கு இன்னும் தரலாம் என்று வங்கியில் சொல்கிறார்கள், நமக்கும் ஏதோ லாபம் வந்த மாதிரி இருக்கிறது. விலை ஏறியது உங்கள் சங்கிலிக்கு, அந்த ஏற்றத்தை உங்களுக்கே வட்டிக்குக் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். போதாக்குறைக்கு, திருப்பி வைக்கிற அன்று பல இடங்களில் அசலையும் வட்டியையும் முழுதாகக் கட்டி மூடச் சொல்கிறார்கள், அந்த ஒன்றிரண்டு நாளுக்கு வெளியில் கைமாற்று வாங்கினால் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ தனியாகப் போகும். நீங்கள் அதை எழுதவில்லை, ஆனால் எங்கேயோ வாங்கித்தான் இருப்பீர்கள்.

இந்த வருடமும் வாங்கினால் கடன் 1,13,000. 11 சதவீதத்துக்கு வருட வட்டி 12,400 சொச்சம். இந்த எண்ணை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே இன்னொரு எண்ணோடு சேர்த்துப் பார்க்கலாம்.

போன வருடச் செலவை நீங்கள் எழுதி அனுப்பியது நல்லதாயிற்று. கிழக்குக் கடற்கரைச் சாலை ரிசார்ட்டில் வெள்ளி, சனி இரண்டு இரவு, இரண்டு அறை, 16,000. வாடகைக் கார் 9,000. சாப்பாடு 6,000. 'தம்பியின் இரவுச் செலவு' என்று நாசூக்காக எழுதியிருக்கிறீர்களே, அது 4,000. இதில் தம்பி பங்கு: ஓர் அறை 8,000, காரில் பாதி 4,500, சாப்பாட்டில் பாதி 3,000, பாட்டில் 4,000. ஆக 19,500. உங்கள் நாலு பேருக்கு ஆனது 15,500தான். பாதிக்கு மேல் தம்பிக்காகக் கடன் வாங்கி, அதற்கு நீங்கள் வட்டி கட்டுகிறீர்கள்.

சீர் கணக்குக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் தயக்கம் முழுக்க அங்கேதான் இருக்கிறது. தாய்மாமன் தட்டு வைத்தால் நீங்களும் பதில் செய்முறை செய்யத்தான் போகிறீர்கள், யாரும் சும்மா வாங்கிக்கொண்டு போவதில்லை. அந்தச் சீருக்கு இப்போதே, வருடம் இருபதாயிரம் வீதம், முன்பணம் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பங்கு கேட்கவும் வேண்டாம், கேட்டால் சண்டைதான் வரும். போன் போட்டு, "தம்பி, நாங்க இந்த வருஷம் பஸ்ல போறோம், டவுனுக்குள்ள ஒரு ரூம் போட்டிருக்கோம், நீ வர்றேன்னா உனக்கும் அங்கேயே ஒண்ணு சொல்லி வைக்கட்டுமா, வாடகை இவ்வளவு" என்று சொல்லிப் பாருங்கள். வந்தால் சந்தோஷம். அவர் ரிசார்ட்தான் வேண்டும் என்றால் அது அவர் காசு. அப்புறம், நீங்கள் ஊருக்குத் திரும்பும்போது தம்பியின் பாட்டில் ஒன்றுகூட உங்கள் பையில் வரக்கூடாது, கடலூர் எல்லையில் சோதனைச் சாவடி இருக்கிறது, பிள்ளைகளோடு அங்கே நிற்பது நன்றாக இருக்காது.

இப்போது பயணம். ஞாயிறு காலை மயிலாடுதுறையில் பஸ் ஏறினால் சிதம்பரம், கடலூர் வழியாக மதியத்துக்குள் போய்விடலாம். வார இறுதிக்கு வந்த கூட்டம் அறையைக் காலி செய்கிற நேரம் அது, ஞாயிறு, திங்கள் இரவுகளுக்கு வாடகை இறங்கிவிடும். முதல் நாள் மதியத்துக்குக் கட்டுச்சோறு. பதினெட்டாம் பெருக்குக்கு ஆற்றங்கரைக்குக் கட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு நான் புளியோதரை சொல்லித்தர வேண்டியதில்லை. சாயங்காலம் மகாத்மா காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை, துணியும் செருப்பும் பழைய பொருளும் தெரு நீளத்துக்குக் கிடக்கும், பிள்ளைகளுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று கையில் கொடுத்து விட்டுவிடுங்கள்.

இரவுக்குக் கடற்கரைச் சாலையை விட்டால் வேறு எதுவும் தேவையில்லை. மாலை ஆறு மணிக்கு வண்டிகளை நிறுத்திவிடுவார்கள், மறுநாள் காலை ஏழரை வரை விடமாட்டார்கள், சுமார் ஒன்றரை கிலோமீட்டர் முழுக்க நடக்கிறவர்களுக்குத்தான். செஞ்சியிலிருந்து வந்த கல்தூண்களுக்கு நடுவே காந்தி சிலை, பக்கத்திலேயே பழைய கலங்கரை விளக்கம், சிவப்புத் தொப்பி போட்ட போலீஸ்காரர், சுண்டல், காற்று. ரிசார்ட்டில் அறைக்கு 4,000 கொடுத்தவர்களும் ராத்திரி காரைப் போட்டுக்கொண்டு இங்கேதான் வந்து நடக்கிறார்கள். நீங்கள் டவுனுக்குள் தங்கினால் விடியற்காலையிலும் எழுந்து போய்ச் சூரியன் கடலிலிருந்து ஏறுவதைப் பார்க்கலாம், அதுவும் வண்டிச் சத்தம் இல்லாமல்.

பகலில் மணக்குள விநாயகர், அரவிந்தர் ஆசிரமம் (மதியம் மூடிவிடுவார்கள், அதற்குள் போய்விடுங்கள்), ஆயி மண்டபம் இருக்கும் பாரதி பூங்கா, எல்லாம் நடந்தே பார்க்கலாம், காசும் கிடையாது. 1908 முதல் பத்து வருடம் பாரதியார் இந்த ஊரில்தான் இருந்தார், ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் அவர் இருந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. அரிக்கமேட்டில் தோண்டி எடுத்த, ரோமானியரோடு வணிகம் நடந்த காலத்துப் பானைகளும் மணிகளும் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பூம்புகார் பக்கத்துப் பிள்ளைகள் அதைப் பார்க்காமல் வரக்கூடாது என்பது என் பிடிவாதம். மே வெயிலில் பன்னிரண்டிலிருந்து நாலு வரை அறையில் தூங்குங்கள். ஒரு செலவு கட்டாயம் செய்ய வேண்டும் என்றால் சுண்ணாம்பாற்றில் படகுச் சவாரி.

கணக்கு உத்தேசமாக: பஸ் நாலு பேருக்குப் போக வர 1,200. அறை இரண்டு இரவு 3,000. சாப்பாடு 4,200. ஆட்டோ, படகு 1,500. சந்தை, ஐஸ்கிரீம் 1,100. மொத்தம் 11,000. மேலே சொன்ன வட்டி 12,400. கடனை ஏற்றினால் ஒரு முழுப் பயணத்தையும் வருடா வருடம் வட்டியாகவே கட்டுவீர்கள்.

மிஞ்சும் நாலாயிரத்தில் மூவாயிரத்தை மாதாமாதம் நகைக்கடனில் கட்டுங்கள். வருடக் கடைசிவரை காத்திருக்க வேண்டியதில்லை, இடையில் பகுதியாகக் கட்டினால் மீதி அசலுக்குத்தான் வட்டி ஓடும், வங்கியில் இதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். இப்படிக் கட்டினால் ஒரு வருடத்தில் 46,000 அளவுக்கு இறங்கும், அந்தத் தொகைக்கு மட்டும் திருப்பி வையுங்கள், மேல் தொகை தருகிறேன் என்பார்கள், வேண்டாம் என்று சொல்லுங்கள். ஏறக்குறைய இரண்டரை வருடத்தில் சங்கிலி கழுத்துக்கு வந்துவிடும். மீதி ஆயிரத்தில் தொள்ளாயிரம் அடுத்த மே மாதத்துக்குத் தனி உண்டியல், பன்னிரண்டு மாதத்தில் 10,800.

இந்த மே? உண்டியலில் ஒன்றும் இல்லை, அதனால் கடன் கட்டுவதை மூன்று மாதம் தள்ளிவைத்து, அந்த மூன்று மாதமும் முழுதாக மிஞ்சும் பன்னிரண்டாயிரத்தில் போய்விட்டு வாருங்கள், புதிதாக வாங்காமல் இருந்தாலே போதும். பிள்ளைகளுக்கு இந்த வருடம் இல்லை என்று சொன்னால் நீங்களே ஏப்ரல் கடைசியில் மனம் மாறி வங்கிக்குப் போவீர்கள், எனக்குத் தெரியும். அருங்காட்சியகத்துக்குத் திங்கள் விடுமுறை, அதைச் செவ்வாய்க் காலைக்கு வைத்துக்கொண்டு, மதியம் சாப்பிட்டுவிட்டுப் பஸ் ஏறுங்கள்.