டெரெக் ஜார்மன் யார்? 79 நிமிடமும் வெறும் நீலத்திரையைக் காட்டும் படத்தை ஏன் எடுத்தார்?

பிரிட்டிஷ் திரைப்பட இயக்குநர். ஆனால் முதலில் அவர் ஓவியர். 1942இல் பிறந்து, லண்டன் ஸ்லேட் கலைப் பள்ளியில் படித்தவர். இயக்குநர் கென் ரஸ்ஸலின் 'தி டெவில்ஸ்' (1971) படத்துக்கு அரங்கம் வடிவமைத்துத்தான் சினிமாவுக்குள் வந்தார். முதல் முழுநீளப் படம் 'செபாஸ்டியான்' (1976). வசனம் முழுக்க லத்தீன்! ஆங்கிலேயர்களே சப்டைட்டில் படித்துத்தான் பார்த்தார்கள்.

பெரிய ஸ்டுடியோ பணம் அவருக்குக் கிடைத்ததில்லை. அதனால் வீட்டில் படம் பிடிக்கப் பயன்படும் சின்ன சூப்பர் 8 ஃபிலிம் கேமராவைத் தூக்கிக்கொண்டு நண்பர்களோடு படங்களை எடுத்துத் தள்ளினார். 'கரவாஜியோ' (1986) படத்துக்குப் பணம் சேரவே பல வருடங்கள் ஆனது. நடிகை டில்டா ஸ்விண்டன் திரைக்கு வந்தது அதில்தான்.

அதே 1986 டிசம்பரில் ஹெச்ஐவி இருப்பது தெரிந்தது. அதைச் சொல்லவே பலரும் பயந்த காலம். இவர் வெளிப்படையாகப் பேசினார். இங்கிலாந்தின் டஞ்சனஸ் கடற்கரையில், அணுமின் நிலையம் கண்ணில் படும் தூரத்தில் ஒரு மீனவர் குடிசையை வாங்கி, கூழாங்கல் தரையில் தோட்டம் போட்டார். என்னைக் கேட்டால், அந்தத் தோட்டமும் அவர் படங்களில் ஒன்றுதான்.

சரி, நீலத்துக்கு வருவோம். நோய் முற்றிப் பார்வை மங்கியபோது எடுத்தது 'புளூ' (1993). திரையில் நீலம் மட்டும். மற்றதெல்லாம் குரல், இசை, மருத்துவமனைச் சத்தம். பார்வை போகிறவனின் அனுபவத்துக்கு வேறு எந்தக் காட்சி பொருந்தும்? சேனல் 4 தொலைக்காட்சியும் பிபிசி ரேடியோ 3ம் அதை ஒரே நேரத்தில் ஒளி, ஒலிபரப்பின. 1994 பிப்ரவரியில் இறந்தார், 52 வயதில்.