மைத்துனர் காருக்கு இன்சூரன்ஸ் இல்லை என்று விபத்துக்குப் பிறகுதான் தெரிந்தது: நஷ்டஈடு யார் தலையில்?

கேள்வி: மைத்துனரின் காரை வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு மதுரைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனேன். திரும்பும் வழியில் மேலூர் அருகே ஒரு பைக்கில் கார் மோதிவிட்டது. பைக்கில் வந்தவர் கொத்தனார், வயது 34. வலது கால் முறிந்து ஆபரேஷன் நடந்திருக்கிறது. என் மீது எஃப்.ஐ.ஆர். பதிவாகிவிட்டது. ஸ்டேஷனில் பேப்பர் கேட்டபோதுதான், இன்சூரன்ஸ் 19 நாளுக்கு முன்பே முடிந்துவிட்டதாக மைத்துனர் சொன்னார். எனக்குத் தெரியவே தெரியாது. என் லைசென்ஸ் சரியாக இருக்கிறது. நஷ்டஈடு கேட்டு வழக்கு வந்தால் கட்ட வேண்டியது நானா, அவரா? மாதச் சம்பளம் 62,000 ரூபாய். எஃப்.டி.யில் 6 லட்சம், பி.எஃப்., ஒரு வீட்டுமனை இருக்கின்றன. இவற்றுக்கு ஆபத்து உண்டா? (வாசகர், திருச்சி)

பதில்: கார் எந்த ஆண்டு வாங்கியது என்று நீங்கள் எழுதவில்லை. முதலில் அதைப் பாருங்கள். 2018 செப்டம்பர் 1 முதல், புதிய காருக்கு மூன்று வருட தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் (விபத்தில் பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்கானது) சேர்த்தே விற்கப்படுகிறது. காரின் சொந்தச் சேதத்துக்கான ‘ஓன் டேமேஜ்’ பகுதி பெரும்பாலும் ஒரு வருடம்தான். அதனால் பாலிசியின் முதல் பக்கத்தில் காலாவதித் தேதி இரண்டு இருக்கும். ஓன் டேமேஜ் முடிந்ததைப் பார்த்துவிட்டு ‘இன்சூரன்ஸே இல்லை’ என்று பதறுகிறவர்கள் உண்டு. தேர்டு பார்ட்டி பகுதியைக் குறிக்கும் ‘லயபிலிட்டி’ என்ற வரியில் உள்ள தேதி விபத்து நாளைத் தாண்டி இருந்தால், கொத்தனாருக்கான நஷ்டஈட்டை இன்சூரன்ஸ் கம்பெனிதான் கட்டும். உங்களிடம் லைசென்ஸ் இருக்கிறது, உரிமையாளர் சம்மதத்தோடு ஓட்டினீர்கள். அது போதும்.

அந்தத் தேதியும் முடிந்திருந்தால், இனி சொல்வது எல்லாம் உங்களுக்குப் பொருந்தும்.

‘தெரியாமல் ஓட்டினேன்’ என்பது உங்களைக் காப்பாற்றாது. மோட்டார் வாகனச் சட்டம் 146-வது பிரிவு அந்தச் சலுகையைச் சம்பளத்துக்கு ஓட்டும் டிரைவருக்கு மட்டும்தான் தருகிறது. முதலாளி இன்சூரன்ஸ் கட்டாதது அவருக்குத் தெரியாது, சந்தேகப்படவும் காரணம் இல்லை என்றால் அவர் மீது குற்றம் இல்லை. சொந்தக்காரர், நண்பர் என்று இரவல் வாங்கி ஓட்டியவருக்கு அந்த விலக்கு கிடையாது. 196-வது பிரிவின்படி முதல் முறை 2,000 ரூபாய் அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அடுத்த முறை அபராதம் 4,000. ஓட்டியவர் மீது மட்டும் இல்லாமல், ஓட்ட அனுமதித்தவர் மீதும் இந்தக் குற்றம் பதிவாகலாம். பணக் கணக்கில் இதெல்லாம் சிறிய தொகை. உங்களை உலுக்கப்போவது நஷ்டஈடுதான்.

விபத்துக்கு முதல் பொறுப்பு ஓட்டியவருடையது. அவருக்காக உரிமையாளரும் பொறுப்பாகிறார். இன்சூரன்ஸ் இருந்தால் இருவருக்கும் பதிலாகக் கம்பெனி கட்டும். அது இல்லாதபோது, நஷ்டஈட்டு மனுவை விசாரிக்கும் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயம் ‘இருவரும் கூட்டாகவும் தனித்தனியாகவும்’ கட்ட வேண்டும் என்று உத்தரவிடும். இந்தச் சொற்றொடரைக் கவனியுங்கள். பாதிப் பாதி என்று இதற்கு அர்த்தம் இல்லை. முழுத் தொகையையும் உங்களிடம் மட்டுமே வசூலிக்கக் கொத்தனாருக்கு உரிமை உண்டு. மாதச் சம்பளம் வாங்குகிறவரிடம் வசூல் சுலபம் என்பதால் உங்களைத்தான் முதலில் பிடிப்பார்கள்.

தொகை எவ்வளவு வரலாம்? கொத்தனாரின் மாத வருமானம் 18,000 என்று தீர்ப்பாயம் எடுத்துக்கொள்வதாக வைப்போம். வருடத்துக்கு 2,16,000. சுயதொழில், 40 வயதுக்குக் கீழ் என்பதால் எதிர்கால வருமான உயர்வுக்காக 40 சதவீதம் கூட்டினால் 3,02,400. 31 முதல் 35 வயதுக்கு உச்ச நீதிமன்றம் வகுத்த பெருக்கு எண் 16, பெருக்கினால் 48,38,400. வேலை செய்யும் திறனில் இழப்பு 20 சதவீதம் என்று முடிவானால், அந்த ஓர் இனத்துக்கு மட்டும் 9,67,680 ரூபாய். மருத்துவச் செலவு, வேலைக்குப் போகாத மாதங்களின் வருமானம், வலி வேதனை, உடனிருந்து கவனித்தவருக்கான தொகை எல்லாம் இதற்கு மேல். மனு போட்ட நாளில் இருந்து வட்டியும் ஏறும். தமிழ்நாட்டில் பெரும்பாலும் 7.5 சதவீதம்.

இந்தக் கணக்கில் தொகையைத் தூக்குவதும் இறக்குவதும் அந்த ‘20 சதவீதம்’தான். மருத்துவச் சான்றில் காலின் ஊனம் 40 சதவீதம் என்று இருந்தாலும், வருமான இழப்பு அதே 40 ஆக இருக்க வேண்டியதில்லை. அவர் செய்யும் வேலையில் அந்தக் கால் எவ்வளவு தேவை என்பதைத்தான் தீர்ப்பாயம் பார்க்க வேண்டும். சாரத்தில் ஏறி வேலை செய்யும் கொத்தனாருக்குக் கால் பெரிய விஷயம் என்பதையும் நீங்கள் ஏற்கத்தான் வேண்டும். அவர் பக்கமும் கவனக்குறைவு இருந்திருந்தால், அந்த விகிதத்துக்குத் தொகை குறையும். பக்கவாட்டுச் சாலையில் இருந்து திடீரென ஏறினாரா, எதிர்த்திசையில் வந்தாரா என்பதற்கான சிசிடிவி பதிவை இப்போதே கேட்டு வாங்குங்கள். பல கடைகளில் பழைய பதிவு சில வாரங்களில் தானாக அழிந்துவிடும்.

உங்கள் சொத்துகளில் எஃப்.டி.யும் வீட்டுமனையும் ஜப்திக்கு உட்பட்டவை. பி.எஃப். பணத்தைத் தொட முடியாது. தீர்ப்பாயத்துக்கு சிவில் நீதிமன்றம் போலத் தீர்ப்பை நிறைவேற்றும் அதிகாரம் உண்டு. கலெக்டர் மூலம் வருவாய் பாக்கி போல வசூலிக்கவும் வழி இருக்கிறது. சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் உங்களுடையது. உங்கள் சம்பளத்தில் மாதம் சுமார் 20,300 வரை பிடிக்கலாம். மனையை மனைவி பெயருக்கு மாற்றிவிடுங்கள் என்று யாராவது யோசனை சொல்வார்கள், செய்யாதீர்கள். கடன்காரரை ஏமாற்ற எழுதிய பத்திரத்தை நீதிமன்றம் ரத்து செய்ய முடியும். அதோடு உங்கள் சொல்லுக்கு இருக்கும் மதிப்பும் போய்விடும்.

இப்போதே செய்ய வேண்டியவை. மருத்துவமனை பில்லில் உதவ நினைத்தால், நல்லதுதான், நேரடியாக மருத்துவமனைக் கணக்குக்கு அனுப்பி ரசீதை உங்கள் பெயரில் வாங்குங்கள். கையில் ரொக்கமாகக் கொடுத்தது பின்னால் கணக்கில் வராது. முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசின் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் ஏற்றதா என்றும் கேளுங்கள். அவர் கையில் இருந்து செலவாகாத தொகைக்கான பில் நஷ்டஈட்டில் சேரக் கூடாது. ‘ஐம்பதாயிரம் கொடுத்து எழுதி வாங்கிக்கொள்ளலாம்’ என்று ஊர்ப் பெரியவர்கள் நடுவில் பேசும் ஒப்பந்தத்தை நம்ப வேண்டாம். அதற்குப் பிறகும் அவர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். சமாதானமாக முடிக்க விரும்பினால் மக்கள் நீதிமன்றத்தில் முடியுங்கள். அங்கே பதிவாகும் தீர்வுக்கு மேல்முறையீடு இல்லை. பிரச்சினை அத்தோடு தீரும். உங்கள் நிலையில் நான் சொல்லும் முதல் வழி இதுதான். எஃப்.டி.யை அதற்காகவே தொடாமல் வைத்திருங்கள்.

மைத்துனரிடம் இப்போதே எழுத்தில் பேசுங்கள். உறவுக்குள் இது கசப்பான பேச்சு என்று தெரியும். ஆனால் பாலிசியைப் புதுப்பிக்காதது அவர் பொறுப்பு, ஓட்டியது நீங்கள். யார் எத்தனை சதவீதம் ஏற்பது என்று முத்திரைத்தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். கொத்தனாரை அது கட்டுப்படுத்தாது. நீங்கள் முழுவதும் கட்ட நேர்ந்தால் மைத்துனரிடம் பங்கு கேட்க ஆதாரமாக இருக்கும். பேச்சில் இன்னொன்றும் தெளிவாக வேண்டும்: எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம். அதற்கு யார் தவறு என்று பார்க்காமல் 2.5 லட்சம் தர வேண்டும் என்கிறது 164-வது பிரிவு. அந்தக் கடமை வாகன உரிமையாளருடையது.

அவர் இன்றே புதிய பாலிசி எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும். பழைய பாலிசி முடிந்து 90 நாளுக்குள் என்பதால் நோ கிளெய்ம் போனஸும் (கிளெய்ம் கேட்காத வருடங்களுக்கான பிரீமியத் தள்ளுபடி) போகாது. ஆனால் பாலிசியில் அச்சிட்ட தேதி, நேரத்தில் இருந்துதான் அது செல்லும். விபத்துக்கு முந்தைய தேதி போட்டுத் தருகிறேன் என்று ஏஜென்ட் யாராவது சொன்னால் ஓடிவிடுங்கள், அது மோசடி வழக்கு. வண்டி ஓட்டியது வேறு ஆள் என்று மாற்றிச் சொல்வதும் அப்படித்தான். காரைப் பொறுத்தவரை, இன்சூரன்ஸ் இல்லாத விபத்து வாகனத்தைப் போதிய பிணைத்தொகை இல்லாமல் நீதிமன்றம் விடுவிக்காது. மூன்று மாதம் கழித்து ஏலம் விட்டு, பணத்தைத் தீர்ப்பாயத்தில் கட்டவும் விதி இருக்கிறது. மைத்துனர் அலட்சியமாக இருந்தால் காரே போகும்.

சம்மன் வந்தால் ஒரு தவணைகூடத் தவறாமல் வக்கீல் மூலம் ஆஜராகுங்கள். நீங்கள் ஆஜராகாமல் வழக்கை எக்ஸ்பார்ட்டியாக (ஒருதலையாக) விட்டால், கொத்தனார் சொன்ன வருமானமும் ஊனமும் குறுக்கு விசாரணை இல்லாமல் தீர்ப்பாகிவிடும். மேல்முறையீட்டுக்கு 90 நாள் அவகாசம். 25,000 ரூபாய் அல்லது தீர்ப்புத் தொகையில் பாதி, எது குறைவோ அதை முன்கூட்டியே கட்ட வேண்டும்.

இரவல் காரில் ஏறப்போகும் மற்ற வாசகர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரை என்று தெரியும். புதிதாகப் புதுப்பித்தது அதில் ஏறச் சில நாள் ஆகலாம், ஆகவே பாலிசி பி.டி.எஃப்.பை வாட்ஸ்அப்பில் வாங்கி ‘லயபிலிட்டி’ தேதியைப் பாருங்கள். பாலிசி முழுசாக இருந்தாலும் ஒரு ஓட்டை மிஞ்சும்: அதில் உள்ள 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு உரிமையாளர் ஓட்டும்போது மட்டும்தான். இரவல் வாங்கி ஓட்டுகிறவர் உரிமையாளரின் இடத்தில் நிற்பவர், அதனால் தனக்கு ஏற்பட்ட காயத்துக்கு அந்த வண்டியின் தேர்டு பார்ட்டி காப்பீட்டில் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2020-லும் உறுதி செய்தது. அடிக்கடி பிறர் வண்டியை எடுப்பவர் தன் பெயரில் தனியாக ஒரு தனிநபர் விபத்து பாலிசி எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். எந்த வண்டியை ஓட்டினாலும் அது கூடவே வரும்.